அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே போகிறது. மளிகைக்கடையைத் தொடர போனில் ஏதாவது வழி உண்டா?

துறையூர் பாலா:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. க்ளாக்கோமா, கண் அழுத்த நோய். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டத்துக்குத் தெரிகிறது, பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊரில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடைதான். இப்போது தொல்லை என்னவென்றால், ஒரு ஆள் போனைக் காட்டி "அனுப்பிட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போய்விட்டான். பணம் வரவே இல்லை. நூறு என்று நினைத்து இருநூறைச் சில்லறையாகக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. அம்மா கடையை மூடச் சொல்கிறார். அப்பா பதிலே பேசுவதில்லை, காலையில் ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கிவிடுகிறார்.

போன வாரம் அவர் போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை ஆன் செய்து பார்த்தேன். எதைத் தொட்டாலும் கத்துகிறது, எதுவும் திறக்கவில்லை, அணைக்கவும் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் வந்துதான் அணைத்தான். நான் சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் ஊருக்குப் போகமுடியும். என்ன வாங்கிக் கொடுக்கலாம்? பேசும் கண்ணாடி என்று ஒன்று வந்திருக்கிறதாமே? செலவைப் பற்றிக் கவலை இல்லை.

ஸ்ரீ கோவை:

ஏஐ கேமரா வைத்த கண்ணாடிதான் சார் இப்போது பெஸ்ட். எதிரில் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று காதில் சொல்லிவிடும். என் நண்பர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார், பார்த்தேன், அசந்துவிட்டேன். அப்பாவுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள், போனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முருகேசன் பெட்டிக்கடை:

தம்பி பாலா, கண்ணாடியை அப்புறம் பார்ப்போம். முதலில் கல்லாவைப் பார்ப்போம்.

என்னைப் பற்றி ஒரு வரி. எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லக் கெடுகிற நோய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாலைக்கண் என்றார்கள், கல்யாண வயதில் பகலும் போய்விட்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பூத் கிடைத்த காலம் அது, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆளுக்கொரு செல்போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. அதே ரூமில் இப்போது பெட்டிக்கடை, கொஞ்சம் மளிகையும் உண்டு. இதைக் குரலில் சொல்லித்தான் எழுதுகிறேன், ரகரம் றகரம் இடம் மாறியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அந்த முந்நூறு ரூபாய் ஆள் உங்கள் அப்பாவை மட்டும் ஏமாற்றவில்லை. பணம் போனது மாதிரி காட்டுகிற போலி ஆப்பே இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிற கடைக்காரர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இதற்கு மருந்து சவுண்ட்பாக்ஸ். "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்லுமே, எல்லாக் கடையிலும் இருக்கிறதே, அதேதான். அதற்குள் தனி சிம் இருக்கிறது, அப்பா போனைத் தொடவே வேண்டாம். இது பார்வையற்றவர்களுக்காகச் செய்த பொருள் இல்லை, கூட்டத்தில் போனை எடுத்துப் பார்க்க நேரமில்லாத டீக்கடைக்காரருக்கும் சேர்த்துச் செய்தது. ஆனால் எனக்குக் கிடைத்த சாமான்களிலேயே அதிகம் உழைப்பது இதுதான். கடைக்கு வருகிறவர்களிடம் என் விதி ஒன்றே ஒன்று: டப்பா பேசினால்தான் பை நகரும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, ஏனென்றால் சந்தேகப்படுவது நான் இல்லை, டப்பா.

அடுத்தது நோட்டு. இங்கேதான் உண்மையான வம்பு. இப்போதைய ஐந்நூறு 150 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, நூறு 142. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66. ஆக ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நாலே மில்லிமீட்டர். பழைய சீரிஸ் நூறு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அது 157 நீளம், ஐந்நூறைவிடப் பெரியது. குழம்பாமல் என்ன செய்யும்? நோட்டில் தடவிப் பார்க்க மேடான அச்சு உண்டு. நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம். இரண்டு ஓரத்திலும் சாய்வான கோடுகள், நூறில் நாலு, ஐந்நூறில் அஞ்சு. இருநூறில் நாலு கோட்டுக்கு நடுவில் இரண்டு சின்ன வட்டம். பேங்கிலிருந்து வந்த புது நோட்டில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். மீன் மார்க்கெட் சுற்றி வந்த நோட்டில் ஒரு மண்ணும் தட்டுப்படாது.

அதற்கு ரிசர்வ் வங்கியே ஒரு ஆப் வைத்திருக்கிறது, பெயர் மணி. 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டார்கள். கேமராவை நோட்டுக்கு மேலே பிடித்தால் எவ்வளவு என்று சொல்லும். நெட் தேவையில்லை. கள்ள நோட்டா நல்ல நோட்டா என்பதை அது சொல்லாது, அதையும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள். நான் ராத்திரி கல்லாவை எண்ணும்போது மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறேன். ஆள் நிற்கும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் போனைத் தூக்கிக்கொண்டிருந்தால் வியாபாரம் ஆகாது.

ஆள் நிற்கும்போது என் வழக்கம் வேறு. நோட்டைக் கையில் வாங்கியதும், "இருநூறு குடுத்திருக்கீங்க, சாமான் எழுபது, மீதி நூத்தி முப்பது" என்று உரக்கச் சொல்வேன். ஒருவேளை அது நூறாக இருந்தால் அவரே "நூறு ரூபாதான்ணே" என்பார். அவர் சொல்லாவிட்டாலும் பின்னால் நிற்கிறவர் சொல்வார். ஐந்நூறுக்கு மட்டும் தனிப் பெட்டி, கல்லாவில் கிடையாது, இடுப்புயரத்தில் தனியாக இருக்கிறது. நாணயத்தில் தொல்லை குறைவு. இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னிரண்டு பக்கம், விரலில் உருட்டினாலே தெரியும்.

இப்போது டாக்பேக். நீங்கள் ஆன் செய்ததும் போன் கெட்டுப்போகவில்லை தம்பி, விளையாட்டின் விதி மாறிவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை தொட்டால் வாசிக்கும். திறப்பதற்கு இரண்டு முறை தட்ட வேண்டும், அதுவும் திரையில் எங்கே தட்டினாலும் சரி. நகர்த்த இரண்டு விரல். வலப்பக்கம் ஒரு விரலால் இழுத்தால் அடுத்த பொருளுக்குப் போகும். அணைக்க, சத்தம் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அமுக்கிப் பிடியுங்கள், திரும்பப் பிடித்தால் ஆன் ஆகும். இதை முதலில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். அணைக்கத் தெரியாமல் பயந்துதான் பாதி வீடுகளில் டாக்பேக் ஒரே நாளில் போய்விடுகிறது.

செட்டிங்கில் தமிழ்க் குரலை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் திணறும். கூகுளின் தமிழ்க் குரல் கேட்க இதமாக இருக்கும், அப்பாவுக்கு அது போதும். ஈஸ்பீக் என்று இன்னொன்று உண்டு, தகர டப்பா குரல், ஆனால் எவ்வளவு வேகம் வைத்தாலும் எழுத்து பிசகாது. நான் அதில்தான் இருக்கிறேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் "மாமா, அது என்ன பாஷை?" என்று கேட்கும். அப்பாவுக்கு ஆரம்பத்தில் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். அவராகவே "இது என்னடா இழுவை" என்று சலித்துக்கொள்ளும் நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

முகப்புத் திரையில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாலே நாலு ஆப் வையுங்கள், மூலைக்கு ஒன்று. எனக்கு மேலே இடது மூலை போன், மேலே வலது வாட்ஸ்அப், கீழே இடது மணி, கீழே வலது ரேடியோ. விரலுக்கு மூலை தெரியும், நடுப்பகுதி தெரியாது. அழைப்பு வந்தால் இரண்டு விரலால் இரண்டு தட்டு, எடுத்துவிடும். துண்டிக்க பவர் பொத்தானை அமுக்கினால் போதும் என்று செட்டிங்கில் வைக்கலாம். இதைச் செய்து கொடுத்தாலே பாதிக் கவலை தீரும், ஏனென்றால் போனை எடுக்க முடியாமல் தவிப்பதுதான் ஆளை உள்ளுக்குள் உடைக்கும்.

அவர் திரையைத் தடவித் தேடிக்கொண்டிருக்கும்போது "குடுங்கப்பா, நான் பண்றேன்" என்று கையிலிருந்து வாங்காதீர்கள். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் வாங்குவாள். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்வாரென்றால் ஒன்று. வாடிக்கையாளர்கள் சாமான் சிட்டையைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். டாக்பேக் அதைப் "படம்" என்று மட்டும் சொல்லும். குரலில் அனுப்பச் சொல்லுங்கள், அவர்களுக்கும் அதுதான் சுலபம். "arisi 5 kilo" என்பதுபோல் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆங்கிலக் குரல் அதைப் படிக்கும்போது அரிசி என்னவோ ஆகிவிடும். காலை வணக்கம் அனுப்புகிற நல்லவர்கள் கூப்பிய கையை ஒரு வரிசை முழுக்கப் போட்டிருப்பார்கள். அது ஒவ்வொன்றாக, கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள் என்று வாசித்து முடிப்பதற்குள் பால் பாக்கெட் வண்டி வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஆப் தேடாதீர்கள். தராசு விஷயத்தில் போன் உதவாது. எலக்ட்ரானிக் தராசின் எண்ணைக் கேமரா வைத்துப் படிக்கலாம், ஆனால் அதற்குள் ஆள் போய்விடுவார். நாங்கள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் பருப்பு, சர்க்கரை, ரவை எல்லாவற்றையும் நூறு, கால் கிலோ, அரைக் கிலோ என்று பாக்கெட் போட்டுவிடுவோம். வீட்டுக்காரி எடை பார்ப்பாள், நான் கட்டுவேன். நூறுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கால் கிலோவுக்கு இரண்டு, அரைக் கிலோவுக்கு முடிச்சு. காலாவதித் தேதியும் அப்படித்தான். பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பில் புள்ளிப் புள்ளியாக அடித்திருப்பதை எந்தக் கேமராவும் ஒழுங்காகப் படிப்பதில்லை. புதுச் சரக்கு பின்னால், பழையது முன்னால். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

கீதா (சிறப்பாசிரியர்):

முருகேசன் அண்ணன் சொன்னதற்குப் பிறகு எனக்கு அதிகம் மிச்சமில்லை. பாலா, ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அப்பாவுக்கு இன்னும் நடுவில் பார்வை இருக்கிறது. வீட்டில் எல்லாரும் செய்வது, போன் எழுத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, ஒரு திரைக்கு நாலு எழுத்து என்று ஆக்கிவிடுவது. மையப் பார்வை போனவருக்குத்தான் அது உதவும். உங்கள் அப்பாவுக்கு வட்டமே சின்னது, எழுத்தைப் பெரிதாக்கினால் அது வட்டத்துக்கு வெளியே போய்விடும். அளவான எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை, இதுதான் அவருக்குச் சரி. கடையில் விளக்கு அவர் கண்ணுக்கு எதிரில் இல்லாமல் முதுகுக்குப் பின்னால், மேலிருந்து விழட்டும். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு.

சொட்டு மருந்துக்குப் போனில் அலாரம் வைத்து, அதன் பெயரிலேயே "வலது கண்" என்று போடுங்கள். அலாரம் அடிக்கும்போது திரையைத் தொட்டால் டாக்பேக் அதைப் படித்துவிடும்.

நடப்பதற்கு வெள்ளைப் பிரம்பு. கீழ்ப்பக்கப் பார்வை இல்லாதவர் படியிலும் சாக்கடை மூடியிலும்தான் விழுவார். ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் என்று ஒன்று 2014-இல் வந்தது. பிரம்பின் பிடியில் மாட்டுகிற கருவி, மீயொலி அலையை அனுப்பி, முழங்காலுக்கு மேலே இருக்கிற தடையைக் கையில் அதிர்வாகச் சொல்லும். தொங்குகிற போர்டு, நிறுத்தியிருக்கிற லாரியின் பின்பக்கம், இதெல்லாம் சாதாரணப் பிரம்புக்கு அகப்படாது. ஆனால் முதலில் சாதாரணப் பிரம்பில் பழக வேண்டும், அதைப் பிடிக்கத்தான் பெரும்பாலும் கூச்சம். ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்று. அந்தக் கூச்சம் போக நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சலுகைகள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அது வந்ததும் திருச்சி கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிரம்பு, பேசும் கைக்கடிகாரம் எல்லாம் அங்கே வழி உண்டு.

ஸ்ரீ கோவை:

முருகேசன் சார், கண்ணாடி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்கிறீர்களே. விலை குறைந்துகொண்டே வருகிறது.

முருகேசன் பெட்டிக்கடை:

வேண்டாம் என்று சொல்லவில்லை ஸ்ரீ தம்பி, முதலில் வேண்டாம் என்கிறேன். அந்தக் கண்ணாடி செய்வதில் முக்கால்வாசியைப் போனே செய்கிறது. பி மை ஐஸ் என்று ஒரு இலவச ஆப், 2015-இல் டென்மார்க்கில் தொடங்கியது. பொத்தானை அமுக்கினால் எங்கோ இருக்கிற தன்னார்வலர் ஒருவர் வீடியோவில் வருவார், கேமராவில் தெரிவதைச் சொல்வார். 2023-இலிருந்து அதற்குள்ளேயே ஏஐயும் இருக்கிறது, படம் எடுத்துக் கொடுத்தால் விவரிக்கும். டிவி ரிமோட், வந்திருக்கிற கூரியர், சட்டையின் நிறம், இதற்கெல்லாம் அருமை. போன தீபாவளிக்கு வேட்டிக் கரை பச்சையா நீலமா என்று வீட்டில் சண்டை, அதுதான் தீர்த்துவைத்தது. ஆனால் பேங்க் அட்டை, ஓடிபி, பாஸ்புக், இதை மட்டும் யார் கண்ணுக்கும் காட்டக்கூடாது, ஏஐ கண்ணுக்கும்தான். ஏஐ சில நேரம் இல்லாததையும் உறுதியாகச் சொல்லும். அதை நம்பி மாத்திரை போடாதீர்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காது முக்கியம். யார் வருகிறார், செருப்பு எப்படி உரசுகிறது, குழந்தையின் கை மிட்டாய் டப்பாவுக்குப் போகிறதா என்பதெல்லாம் காதில்தான் வரும். அந்தக் காதில் ஒரு குரல் ஓயாமல் வர்ணனை செய்துகொண்டிருந்தால் எனக்குக் கடை தெரியாது. அப்பா பழகிய பிறகு அவரே கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

துறையூர் பாலா:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நாலு மூலை ஏற்பாடு செய்து கொடுத்தேன். அப்பா முதல் மணி நேரம் திட்டிக்கொண்டே இருந்தார், அப்புறம் ரேடியோவை அவரே கண்டுபிடித்துவிட்டார். அம்மாவுக்கு அணைக்கவும் தெரியும்.

சவுண்ட்பாக்ஸில் ஒரு சிக்கல். அவர் கணக்கோடு இணைக்கவேண்டும், கேஒய்சி, அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்பை, புதுப்பிக்கச் சொன்னார்கள். போனில் முகத்தைக் காட்டி, வட்டத்துக்குள் வைத்து, கண்ணைச் சிமிட்டு என்கிறது. வட்டம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போனால், "பார்வை இல்லாதவர் என்றால் உங்க பேர்ல மாத்திக்கங்க, இல்லன்னா ஜாயின்ட் போடுங்க" என்கிறார்கள். அப்பா அங்கேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். மாற்றிவிடலாமா?

முருகேசன் பெட்டிக்கடை:

மாற்றாதீர்கள். கடை அவருடையது, கணக்கும் அவருடையதாகவே இருக்கட்டும்.

கண் தெரியாது என்பதற்காக செக் புத்தகம், ஏடிஎம், நெட் பேங்கிங் எதையும் மறுக்கக்கூடாது என்று 2008 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. முகத்தைக் காட்டிச் சிமிட்டுகிற விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் ஒரு வழக்கு, பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் இன்னொரு வழக்கு. 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு. டிஜிட்டல் வசதிகளை எட்டுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் வரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, கேஒய்சி முறைகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்ற 20 உத்தரவுகள் கொடுத்தார்கள். கிளையில் இருப்பவருக்கு இது தெரியாமலே இருக்கலாம், சண்டை போடாதீர்கள். மேலாளரைப் பார்த்து, அப்பா பெயரிலேயே, அப்பா கையெழுத்தில், "என் கணக்கின் கேஒய்சியை நேரில் ஆவணம் பார்த்துப் புதுப்பித்துத் தரவும்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். எனக்குத் தெரிந்து எழுத்தில் மறுக்க யாரும் துணிவதில்லை. மறுத்தால் அதை வைத்து வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம், ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே வழி இருக்கிறது.

பின் நம்பரை அப்பா மட்டும் வைத்துக்கொள்ளட்டும். நீங்களும் கேட்காதீர்கள். அடிக்கும்போது ஒரு காதில் இயர்போன், எண்களை அது அவர் காதில் மட்டும் சொல்லும்.

துறையூர் பாலா:

கடிதம் கொடுத்தாயிற்று. சீலும் வாங்கிவிட்டேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா தானே பேசுகிறேன் என்கிறார். டப்பா வந்தால் எங்கே வைப்பது?

முருகேசன் பெட்டிக்கடை:

அப்பாவின் இடது கைப்பக்கம், கல்லாவுக்கு வெளியே, தெருப் பக்கமாக வையுங்கள். உள்ளே மூலையில் வைத்தால் சிக்னல் விட்டு விட்டு வரும், பணம் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பேசும், அதற்குள் சண்டை வந்துவிடும். சத்தத்தை முழுசாக வையுங்கள். ராத்திரி ஷட்டர் போடும்போது சார்ஜில் போடும் பழக்கத்தை அம்மாவிடம் ஒப்படையுங்கள். க்யூஆர் அட்டையை டப்பாவோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள், மேலே வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தினமும் காலையில் அம்மா ஒரு ரூபாய் அனுப்பட்டும், டப்பா பேசினால் அட்டையும் சரி, டப்பாவும் சரி.